ரயில் கம்பியைத் தேதி பார்த்துப் பராமரிக்கக் கூடாது

கொட்டாரத்தில் வீட்டு கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தாலும் துரு ஏறும். ஒரு பக்கம் சாமிதோப்பு உப்பளம், இன்னொரு பக்கம் கன்னியாகுமரிக் கடல். அதே உப்புக்காற்றுதான் நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதையின் 25,000 வோல்ட் கம்பியிலும் அடிக்கிறது. கம்பிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

கம்பத்துக்கும் கம்பிக்கும் நடுவே நிற்பது இன்சுலேட்டர். அதில் படியும் உப்பு காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவில்லை. நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். விடியக்காலைப் பனியும் சிறு தூறலும்தான் ஆபத்து. உப்பு நனைந்ததும் அதன்மேல் மின்சாரம் கசியும். சீறல் சத்தம் கேட்கும், இருட்டில் நீல ஒளி தெரியும். முற்றினால் சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் விழும், வண்டி நடுவழியில் நிற்கும். ஆனால் கசிவு திடீரென்று வருவதில்லை, கூடிக்கூடித்தான் வரும். அதை அளந்துகொண்டே இருந்தால் எந்த இன்சுலேட்டரை எப்போது துடைக்க வேண்டும் என்று முன்பே தெரியும். நாங்கள் தேதி வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் பவர் பிளாக் வாங்கி, கம்பியை எட்டும் மேடையுள்ள டவர் வேகனில் ஏறித் துடைத்தோம். காற்று வெறிகொண்டு வீசும் ஆடிக்கும் மார்கழிக்கும் ஒரே கணக்கு.

உப்பு மட்டுமல்ல, வேகமும் கம்பியைச் சோதிக்கும். 2024 ஆகஸ்ட் 31-ல் சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் தொடங்கியது. வேகம் கூடக்கூட, வண்டிக் கூரையில் மின்சாரம் எடுக்கும் பேண்டோகிராஃப் உரசும் கம்பியில் அதிர்வு கூடும். தொடுகை ஒரு கணம் விட்டாலும் பொறி பறந்து செம்பு தேயும். தளர்ந்த கிளாம்ப் சூடாவதை வெப்பக் கேமரா காட்டிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் அசெட்டிலின் தென்பட்டால் உள்ளே பொறி தட்டுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைகள் எதுவும் நம் ரயில்வேக்குப் புதிதல்ல. இடைவிடாமல் செய்வதுதான் புதிது.

ஜப்பானில் 'டாக்டர் யெல்லோ' என்ற மஞ்சள் வண்டி, சுமார் பத்து நாளுக்கொரு முறை, 270 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டே தண்டவாளத்தையும் கம்பியையும் அளந்துவந்தது. 2025 ஜனவரியில் அந்த மஞ்சள் வண்டிகளில் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த வேலையைப் பயணிகள் ஏறும் வண்டியிலேயே கருவி பொருத்திச் செய்வது அவர்கள் திட்டம்.

நமக்கும் அதுவே சரி. வந்தே பாரத்தின் கூரையிலேயே பொருத்தலாம். அளந்த கணக்கு டெல்லிக்குப் போனால் மட்டும் போதாது. இங்கே டவர் வேகனில் ஏறுகிற பையனுக்கு அன்று மாலையே கிடைக்க வேண்டும். காற்றை முகர்ந்தே "இன்னைக்கு ராத்திரி ட்ரிப் ஆகும்டே" என்று சொன்ன மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போகிறார்கள்.

திருவனந்தபுரம் கோட்ட அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கசிவு அளக்கும் கருவியை முதலில் உப்பளக் காற்று படும் கம்பங்களில் வையுங்கள். அடுத்த ஆடிக்கு முன்னால் வையுங்கள்.