அடுப்பெரியும் வீட்டுக்கு விலை என்ன?

சுவரிலே 'வீடு விற்பனைக்கு' என்று எழுதுகிறார்கள். சுவருக்கு அப்பால் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. உலையிலே அரிசி கொதிக்கிறது. பள்ளிக்குப் புறப்படும் சிறுமிக்குத் தாய் தலைவாரிப் பின்னிக்கொண்டிருக்கிறாள். வாங்க வந்தவர் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். கூரையை அண்ணாந்து பார்க்கிறார். கிணற்றை எட்டிப் பார்க்கிறார். அடுப்பை மட்டும் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்கிறார். தரகர் அவர் காதோடு கூறுகிறார்: "குடியிருப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், கிரயம் முடிந்த மறுமாதமே காலி செய்து தந்துவிடலாம்!"

அந்த ஒரு வாசகத்தைத்தான் இன்று எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

ஆள் குடியிருக்கும் பழைய வீட்டை மலிவாக வாங்குவது, குடியிருப்போரை வெளியே அனுப்புவது, ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டு வண்ணம் பூசுவது, பின்னர் கூடிய விலைக்கு விற்பது - இது இன்று ஒரு தொழில். தொழில் செய்வோரைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டாமா? பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். காலியாக இருந்தால் 25 லட்ச ரூபாய்க்குப் போகும் வீடு, உள்ளே குடும்பம் இருப்பதால் 20 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அந்த 5 லட்சம் எப்போது கைக்கு வருகிறது? கொத்தனார் கரண்டியைத் தொடுவதற்கு முன்பே, சுண்ணாம்பு வாளி வாசலுக்கு வருவதற்கு முன்பே, அந்தக் குடும்பம் சாமான்களை வண்டியில் ஏற்றிய அந்தக் கணத்திலே வந்துவிடுகிறது! இலாபத்தின் முதற்பகுதி சிமெண்டால் விளைந்ததன்று, வெளியேற்றத்தால் விளைந்தது. வீட்டிலே ஒரு செங்கல்லும் மாறவில்லை. மனிதர்கள் மட்டுமே மாறினார்கள். அதற்கே 5 லட்சம்!

இதை ஏன் பெரம்பலூரையும் அரியலூரையும் முன்வைத்துப் பேசுகிறோம் எனில், காரணம் உண்டு. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அரியலூரோ 2001இல் மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, நீதிமன்றங்கள் வந்தன, கல்லூரிகள் வந்தன. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் ஜெயங்கொண்டத்தில் காலணித் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வரட்டும், வரவேற்கிறோம். வானம் பார்த்த பூமியில் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் சின்ன வெங்காயத்தையும் நம்பி வாழ்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைப்பதை மகிழாதார் யார்?

ஆனால் வேலைக்கு வருபவர் இரவிலே எங்கே தலைசாய்ப்பார்? எழுத்தரும் செவிலியரும் காலணி தைக்கும் பெண்ணும் சுமையுந்து ஓட்டுநரும் முதலில் தேடுவது ஒரு வாடகை வீடு. தேடுவோர் பெருகினால் வாடகை ஏறும்; வாடகை ஏறினால் மனையின் விலை ஏறும்; விலை ஏறினால், நேற்று வரை யாரும் திரும்பிப் பாராத ஓட்டு வீடு இன்று முதலீடாகும். முன்னேற்றம் ஊருக்குள் வரும் அதே சாலை வழியே, முன்பிருந்த ஏழைக் குடித்தனக்காரர் வெளியே போகும் நிலையும் வரும். அதைத் தடுக்கும் வழியை முன்கூட்டியே எண்ணுவதல்லவா அறிவுடைமை!

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டாகிறது. 1979இல் தொடங்கிய அரசு ஆலையும், தனியார் ஆலைகளும் இம்மண்ணைத் தோண்டித்தான் பல ஊர்களின் மாடிகளுக்குச் சிமெண்ட் அனுப்புகின்றன. அந்த மூட்டையைச் சுமப்பவன், அந்தத் தூசியைச் சுவாசிப்பவன், அடுத்த மாதம் தனக்குக் கூரை இருக்குமா என்று அஞ்சி வாழ்வதென்றால், இதைவிடப் பெரிய முரண்பாடு வேறு உண்டோ?

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தரகர் சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்கிறது! 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், 109ஆம் பிரிவு. வீட்டை வாங்கியவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார். அவருக்கிருந்த உரிமைகள் இவருக்கு உண்டு. குடியிருப்பவர் விரும்பினால், அவருக்கிருந்த கடமைகளும் இவரையே சேரும். வீடு கைமாறியதாலேயே குடித்தனம் முறிந்துவிடாது. விற்பனை நடந்ததை அறியாமல் பழைய உரிமையாளரிடமே வாடகை கொடுத்துவிட்டால், அதையே மீண்டும் புதியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பூட்டை உடைத்து வெளியேற்றினாலோ, 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டப்படி 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து மீண்டும் உள்ளே வரலாம். வீடு யாருடையது என்ற கேள்வி அவ்வழக்கில் எழாது. குடிநீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி வாட்டுவதையும் இன்றைய வாடகைச் சட்டம் தடை செய்கிறது.

இவ்வளவு இருந்தும் தரகர் எப்படி அவ்வளவு உறுதியோடு பேசுகிறார்? குடியிருப்பவரிடம் காகிதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்!

இங்கேதான் முள் இருக்கிறது. நம் ஊர்களில் வாடகை என்பது வாய்ச்சொல். முன்பணம் கொடுத்ததற்கு ரசீது கிடையாது. மாத வாடகைக்குக் கையெழுத்துக் கிடையாது. "பெரியவர் நல்லவர்; பத்து ஆண்டாக இருக்கிறோம்" என்பதே பத்திரம். பெரியவர் கண்ணை மூடுகிறார். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து வீட்டை விற்கிறார்கள். "முன்பணமா? எங்களுக்குத் தெரியாதே!" என்கிறார்கள் விற்றவர்கள். "எங்களிடமா கொடுத்தீர்கள்?" என்கிறார் வாங்கியவர். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நிற்கிறது ஏழையின் பணம்.

ஒத்தி, போக்கியம் என்று பெருந்தொகை கொடுத்துக் குடியிருப்போர் நிலை இன்னும் கொடியது. மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி வாழ்கிறார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தி, பதிவு செய்த பத்திரத்தால்தான் ஆக வேண்டும் என்பது சட்டம். இவர்கள் கையில் இருப்பதோ பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிப் பதிவு செய்யாத ஓர் ஒப்பந்தம். பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியும். வாங்குபவர் அந்தத் தொகையைக் கழித்துத்தான் விலை பேசுவார். பதிவு இல்லாததால் சான்று தூய்மையாக வருகிறது. வீட்டுக்குள் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு கிடக்கிறது; சான்றிதழோ 'வில்லங்கம் இல்லை' என்கிறது!

பழைய சட்டத்தைச் சற்றே நினைவுகூர்வோம். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1960இல், கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதிலே நம் பொருளுக்கு நேரே பொருந்தும் இரண்டு காவல்கள் இருந்தன. குடியிருப்போரோடு வீட்டை வாங்கியவர், பத்திரம் பதிவான நாளிலிருந்து 3 மாதம் கழியாமல், 'என் சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும்' என்று மனுப் போட முடியாது, இது முதற்காவல். பழுதுபார்க்கவேண்டும் என்று காலி செய்யச் சொன்னால், வேலை முடிந்ததும் அதே குடித்தனக்காரருக்கே வீட்டைத் திரும்பத் தருவதாக உறுதியளிக்க வேண்டும். இது இரண்டாம் காவல். பழுது என்ற பெயரால் பழையவரைத் துரத்தும் தந்திரத்துக்கு அன்றே போட்ட பூட்டு அது.

அச்சட்டம் குறையற்றது என்று கூறமாட்டோம். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஓய்வூதியமே துணையாக வாழும் முதியவரும், ஒற்றை வீட்டு வாடகையில் அரிசி வாங்கும் கைம்பெண்ணும் உரிமையாளர் வரிசையில் உண்டு. அவர்கள் பட்ட துன்பமும் உண்மை. அதனால்தான் 2017இல் புதுச்சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம், அதற்குப் பதிவு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரி, வாங்க மறுக்கப்படும் வாடகையை அவரிடமே செலுத்தும் வழி - இவை நல்ல ஏற்பாடுகளே. ஆயினும் இரண்டு இடங்களில் காற்று திசைமாறிவிட்டது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமையே வெளியேற்றத்துக்கு ஒரு காரணமாகலாம் என்கிறது புதுச்சட்டம். பழுதுபார்த்தபின் திரும்பி வருவதும் உரிமையாக அன்றி, இருவரும் உடன்படுவதைப் பொறுத்ததாகிவிட்டது. வலியவனும் எளியவனும் உடன்படுவதென்றால், உடன்பாடு யார் சொற்படி அமையும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

காவலை நீக்கினால் என்ன நேரும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1957இல் பிரிட்டனில் ஒரு வாடகைச் சட்டம் வந்தது. பழைய குடித்தனக்காரர் வெளியேறினால், அவ்வீட்டின் வாடகைக்கு அதன்பின் கட்டுப்பாடு இல்லை என்றது. லண்டனின் நாட்டிங்ஹில் பகுதியிலே பீட்டர் ராக்மன் என்றொருவர், குடியிருப்போரோடு கூடிய பழைய வீடுகளை மலிவாக வாங்கியவர். பழையவர்களை அச்சுறுத்தியும் அலைக்கழித்தும் வெளியேற்றினார். கறுப்பர் என்பதால் வேறெங்கும் இடம் கிடைக்காத மேற்கிந்தியத் தீவு மக்களைக் கொள்ளை வாடகைக்குக் குடிவைத்தார். 1962இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஊழல்கள் வெளிப்பட்டபோது நாடே கொதித்தது. அவர் பெயரே கொடுமைக்கார வீட்டுடைமைக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லாயிற்று. 1965இல் பிரிட்டன் மீண்டும் சட்டமியற்றிக் குடியிருப்போருக்குக் காவல் தந்தது. இடையே கழிந்த எட்டு ஆண்டுகளில் தெருவுக்கு வந்தவர்களின் கண்ணீரை எந்தச் சட்டம் துடைத்தது?

ஜெர்மனியைப் பாருங்கள். விற்பனையால் வாடகை முறியாது என்பது அங்கே பழமொழிபோல் வழங்கும் சட்டவிதி. குடியிருக்கும் வீட்டைத் தனி அடுக்ககமாகப் பிரித்து விற்றால், முதலில் வாங்கும் உரிமை குடியிருப்பவருக்கே. வேறொருவர் வாங்கினாலும், சொந்தக் குடியிருப்புக்கு வேண்டும் என்று அவரை வெளியேற்றக் குறைந்தது 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதனால் அந்நாட்டில் வீடு வாங்குவார் இல்லாமல் போய்விட்டனரா? பழுதுபார்ப்பு நின்றுவிட்டதா? இல்லையே!

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. முதலாவது, வீட்டுக் கிரயம் பதிவாகும்போது, உள்ளே குடியிருப்பவர் யார், அவர் கொடுத்த முன்பணம் அல்லது ஒத்தித்தொகை எவ்வளவு, அதற்கு இனிப் பொறுப்பாளி யார் என்பதை விற்பவர் பத்திரத்திலேயே எழுதித் தரவேண்டும். சார்பதிவாளர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, பழுதுபார்ப்புக்காக வெளியேறியவருக்கு மீண்டும் குடியேறும் உரிமை 1960ஆம் ஆண்டில் இருந்தவாறே திரும்பவும் வேண்டும். செம்மைப்படுத்திய வீட்டுக்கு நியாயமான வாடகை உயர்வை வாடகை அதிகாரி தீர்மானிக்கட்டும். மூன்றாவது, ஒப்பந்தப் பதிவை எளியவர் வாசலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கணினியில் பதிவு செய்யலாம் என்று அறிவித்தால் போதுமா? ஆலை வாசலிலும் பேருந்து நிலையத்திலும் முகாம் போட்டு, எழுதிக் கொடுத்து, பதிந்து கொடுக்க வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் சிறிய மாவட்டங்கள். எண்ணினால் ஓராண்டில் இதை முடித்து மற்ற மாவட்டங்களுக்கு வழிகாட்டலாம்.

வீடு வாங்கும் அன்பருக்கும் ஒரு சொல். குடியிருக்கும் குடும்பத்தைக் குறையாகக் கருதாதீர். முதல் மாதமே வாடகை தரும் குடும்பம் அது. வீட்டின் எந்த மூலையில் மழை ஒழுகும் என்று உமக்குச் சொல்லக்கூடியதும் அதுவே. அவர்களோடு அமர்ந்து பேசி, ஒப்பந்தம் எழுதி, பாதி வீட்டில் அவர்களை வைத்து மறுபாதியைப் பழுதுபார்த்து, நேர்மையாக இலாபம் காண வழி உண்டு.

குடியிருக்கும் தோழர்களுக்கும் சொல்வோம்: இன்றே காகிதம் கேளுங்கள். கேட்பது நன்றிகேடன்று. வாடகையை வங்கி வழியே செலுத்துங்கள். கையில் கொடுத்தால் ரசீது பெறுங்கள். ஒத்தியைப் பதிவு செய்யுங்கள். புதிய உரிமையாளர் எனச் சொல்லி ஒருவர் வந்தால், பத்திரத்தின் நகலைக் கேட்டபின் வாடகை கொடுங்கள். மிரட்டலுக்கு அஞ்சி இரவோடிரவாகச் சாமான் கட்டாதீர்கள். வாடகை அதிகாரியிடம் செல்லுங்கள். தனியாகச் செல்ல அஞ்சினால் தெருவே சேர்ந்து செல்லுங்கள்.

வீட்டை விற்கும் உரிமை உடையவருக்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. உள்ளே எரியும் அடுப்பை அணைக்கும் உரிமை அந்தக் கிரயப் பத்திரத்தில் எழுதப்படவில்லை என்பதை அரசு நினைவில் நிறுத்தட்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் பதிவு முகாமுக்கு நாள் குறிக்கட்டும்!