குழந்தையின் இலக்கணமும் சோதனையின் அளவுகோலும்

குழந்தை தன் தாய்மொழியின் இலக்கணத்தை எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கிறது. ஆயினும், செவியிலும் அறிவிலும் குறையில்லாத சில குழந்தைகளுக்கு இவ்வாற்றல் எளிதில் கைகூடுவதில்லை. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, பள்ளி புகும் வயதினருள் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்கு இக்குறை உண்டெனக் கணக்கிட்டது. இத்தகைய குழந்தைகளை மந்தபுத்தியுடையோர் என ஒதுக்குவது பெரும் அநீதியாகும்.

இக்குறையைக் கண்டறிவது எவ்வாறு? ஜெர்மன் மொழி இதற்கு நல்ல சான்று தருகிறது. அம்மொழியின் தனி வாக்கியத்தில் வினைமுற்று இரண்டாம் இடத்தில் நிற்கும். 'தந்தை குடிக்கிறார் பால்' என்பதே அங்கு முறை. இரண்டு வயதுக் குழந்தையோ பெரும்பாலும் 'தந்தை பால் குடிக்க' என்ற பாங்கில், விகுதியற்ற வினையை இறுதியில் வைத்துப் பேசும். விகுதிகள் படிந்ததும் வினை தன் இடத்திற்கு வந்துவிடுகிறது. மூன்று வயதளவில் இம்மாற்றம் பெரும்பாலும் நிறைவுறும். குறையுள்ள குழந்தைகளோ அதன் பின்னும் நெடுங்காலம் பழைய வடிவத்திலேயே தங்கிவிடுகின்றனர். எழுவாய்க்கேற்ப வினை விகுதி பெறும் இயைபில்தான் இடர் உள்ளது என்பது ஹரால்ட் கிளாசன் என்னும் மொழியியலறிஞரின் கருத்து.

ஆனால் தமிழிலும் கன்னடத்திலும் வினை இறுதியில் நிற்பதே இயல்பு. ஜெர்மானியரிடம் குறையின் அறிகுறியாகும் சொல்முறை, இங்கே பிழையற்றது. ஆகவே ஒரு மொழியின் அளவுகோலைக் கொண்டு மற்றொரு மொழிக் குழந்தையை அளத்தல் தகாது. 'வந்தான்', 'வந்தாள்' என்னும் திணை, பால், எண், இட விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் தமிழில் தனியே ஆராய்தல் வேண்டும்.

பெங்களூரில் இது அன்றாடப் பிரச்சினை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி, அந்நகரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் பலர். பிரதிபா காரந்த் கன்னடத்திற்கென வகுத்த மொழிச் சோதனை போற்றத்தக்கது. எனினும் தமிழ் வீட்டுக் குழந்தையைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் சோதித்தால் இருவகைத் தவறு நேரும்: குறையற்ற குழந்தை குறையுள்ளதாகத் தோன்றும், அல்லது, 'புதுமொழி, போகப்போகச் சரியாகும்' என்று உண்மைக் குறை கவனிப்பாரற்றுப் போகும்.

மருத்துவர் எல்லா மொழிகளையும் அறிந்திருக்க இயலாது என்பது மெய்யே. ஆயினும், வீட்டில் குழந்தை எவ்வாறு பேசுகிறது என்று பெற்றோரை விரிவாக வினவுதல் எவர்க்கும் இயலும். உண்மையான குறை தாய்மொழியிலும் தென்படும். இருமொழிப் பயிற்சி இக்குறையை உண்டாக்குவதில்லை. ஆதலின் வீட்டு மொழியைக் கைவிடுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறுவது பிழை. குழந்தையின் குறையைத் துணிவதற்கு முன் அதன் வீட்டு மொழியைக் கேட்டறிவதே, பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் முதற்கண் மேற்கொள்ள வேண்டிய விதியாகும்.