வடை வெடித்தால் யார் குற்றம்?

தீபாவளி காலை, மணி ஐந்து. உளுந்தூர்பேட்டையில் ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு வீடு. (எல்லா வீட்டிலும் இதே கதைதான். அதனால் கதவு எண் தேவையில்லை.) கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர் தூங்குகிறார்கள். முந்தின நாள் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் சுங்கச்சாவடி வரிசையில் ஊர்ந்து, சுமார் 170 கிலோமீட்டரைக் கடந்து நடுராத்திரி வந்து சேர்ந்தவர்கள். இனி அவர்களை எழுப்ப வேண்டும். வெந்நீர் போட வேண்டும். இட்லி ஊற்ற வேண்டும், வடை சுட வேண்டும், மதியத்துக்குக் கறிக்குழம்பு வைக்க வேண்டும். கௌரி நோன்பு உள்ள வீடு என்றால் படைக்க அதிரசமும் வேண்டும். இத்தனையையும் செய்யப் போவது எத்தனை பேர்? ஒரே ஒரு அம்மா!

அடுப்பில் எண்ணெய் காய்கிறது. முதல் வடை உள்ளே போகிறது. 'டப்!'

கூடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. "என்னம்மா, இந்த வருஷமும் வடைக்குள்ள பட்டாசு வெச்சிட்டியா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறார், கையில் தெறித்த எண்ணெயை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பில் ஒரு அநியாயம் இருக்கிறது. பண்டிகைச் சமையலில் எது கெட்டுப்போனாலும் அதற்கு நம் ஊரில் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள்: "கைப்பக்குவம் போதல." கொஞ்சம் பக்தியான வீடு என்றால் "கண்ணு பட்டுடுச்சு" என்பார்கள். இரண்டுமே தப்பு. பண்டிகை நாளில் நடக்கும் சமையல் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கை இல்லை, கண்ணும் இல்லை. பதினைந்து பேருக்கான வேலையை ஒரு ஆள் அவசரமாகச் செய்வதுதான் காரணம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் இது புரியும்.

வடையிலிருந்தே ஆரம்பிக்கலாம். உளுந்தூர்பேட்டைக்கு உளுந்தோடு உள்ள உறவு பெயரிலேயே இருக்கிறது. ஊரை ஒட்டிய உளுந்தாண்டார்கோயிலில் சிவனுக்கு மாஷபுரீஸ்வரர் என்று பெயர். மாஷம் என்றால் உளுந்து. மிளகு மூட்டையோடு வந்த வியாபாரிகளிடம் சிவன் முதியவர் வேடத்தில் வந்து மிளகு கேட்டாராம். அவர்கள் "இது மிளகு இல்லை, உளுந்து" என்று பொய் சொல்ல, மூட்டையில் இருந்த மிளகெல்லாம் நிஜமாகவே உளுந்தாகிவிட்டது என்பது தலபுராணக் கதை. அந்தக் காலத்தில் சரக்கு மாறியதற்குப் பொய் காரணம். இந்தக் காலத்தில் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுவதற்குப் பெயர் எழுதாத டப்பா காரணம் :-)

அப்பேர்ப்பட்ட ஊரிலும் வடை வெடிக்கத்தான் செய்கிறது. ஏன்? வடை பொரிகிற எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி. தண்ணீர் 100 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். ஆவியானால் அது இருந்த இடத்தைப் போலச் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். நன்றாக அரைத்த மாவில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் பரவி இருக்கும், ஆவி அதன் வழியே மெதுவாக வெளியேறிவிடும். அரைபடாத முழுப் பருப்போ கீறாத பச்சை மிளகாயோ உள்ளே இருந்தால் ஆவிக்கு வழி இல்லை. அது வழியை உடைத்துக்கொண்டு வரும். அந்த 'டப்' சத்தம் அதுதான்.

பருப்பு ஏன் அரைபடவில்லை? ஒரு மணி நேரமாவது ஊற வேண்டியதை அரை மணியில் எடுத்துப் போட்டதால். ஏன் அவசரம்? முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்தவர்களுக்கு அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார் என்பதால். இதில் கைப்பக்குவம் எங்கே வந்தது?

அடுத்தது, வடை எண்ணெய் குடிப்பது. ஐந்து பேருக்கு வடை சுடும் அதே வாணலியில்தான் அன்றைக்குப் பதினைந்து பேருக்கும் சுட வேண்டும். "சீக்கிரம் சீக்கிரம்" என்று கூடத்திலிருந்து குரல் வர வர, நான்கு வடை போட வேண்டிய இடத்தில் எட்டு விழுகிறது. எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும். சூடு குறைந்த எண்ணெயில் மேல்தோல் சீக்கிரம் இறுகாது, வடை எண்ணெயை இழுத்துக்கொள்ளும். சரி என்று அடுப்பைப் பெரிதாக வைத்தால் வெளியே கருகும், உள்ளே மாவாகவே இருக்கும். மாவு தண்ணியாகிப் போவதும் இதே அவசரத்தால்தான். மிக்ஸி சுற்றவில்லை என்று தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். தெளித்துத் தெளித்து அரைத்து, ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டு அது மிதக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். பண்டிகை நாளில் அந்த இரண்டு நிமிஷம்தான் கிடைப்பதில்லை. கடைசியில் சேர்க்க வேண்டிய உப்பை முதலிலேயே போட்டுவிட்டால் அதுவும் நீர் விட்டு மாவை இளக்கிவிடும். இளகின மாவுக்குக் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தால் ஓரளவு தப்பிக்கலாம்.

அதிரசம் இன்னும் கறாரான ஆசாமி. பாகு பதம் இளசாக இருந்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து கரைந்து போகும். முற்றிவிட்டால் பல்லுக்குச் சவால். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, அது உருட்ட வருகிறதா என்று அடுப்பை விட்டு நகராமல் பார்க்க வேண்டிய வேலை அது. அந்த நேரம் பார்த்துத்தான் "அத்தை, சோப்பு எங்க?" என்று ஒருவர் கேட்பார். "பெரியம்மா, போன் சார்ஜர் இருக்கா?" என்று இன்னொருவர் வருவார். பாகு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முற்றின பாகுக்கு அம்மா பொறுப்பு, சோப்பு கேட்டவருக்கு ஒரு பொறுப்பும் இல்லை!

பாயசம் திரிவதற்கும் இதே மாதிரி காரணம் உண்டு. வெல்லத்தில் கொஞ்சம் அமிலம் இருக்கும். கொதிக்கிற வெல்லப் பாயசத்தில் பாலை ஊற்றினால் பால் திரியும். பாயசம் ஆறட்டும் என்று விட்டுப் பிறகு ஆறின பாலைச் சேர்த்தால் அநேகமாகத் திரியாது. ஆறுவதற்கும் நேரம் வேண்டுமே?

சாம்பார் கதை வேறு மாதிரி. அங்கே ஆள் குறைவது பிரச்சினை இல்லை, ஆள் கூடுவதுதான் பிரச்சினை. அம்மா உப்புப் போட்டிருப்பார். அந்தப் பக்கம் போன சித்தி ருசி பார்த்து "கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று ஒரு கை போடுவார். இன்னும் கொதிக்கவே இல்லை என்பது தெரியாமல் பாட்டி இன்னொரு கை போடுவார். பிறகு உருளைக்கிழங்கு வெட்டிப் போடச் சொல்வார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக உறிஞ்சிக்கொள்ளாது. உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சும், மீதிச் சாம்பாரின் உப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத வெந்த பருப்பும் வெந்நீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் ஒரே வழி. இந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. போகிற போக்கில் செய்கிற உதவி உதவியே இல்லை. ஒரு பதார்த்தத்தை முழுசாக ஒருவர் ஏற்றுக்கொள்வதுதான் உதவி.

இதெல்லாம் நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டும்தானா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் நவம்பர் மாதம் நன்றி கூறும் நாள் விருந்துக்கு முழு வான்கோழி சமைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை சமைக்கிற பெரிய பறவை, வீடு நிறைய விருந்தாளிகள், ஒரே அடுப்பு. குழம்பிப் போகிறவர்கள் கேட்பதற்கென்றே பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம் 1981-ல் ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கியது, இன்றும் நடத்துகிறது. அந்த நாட்டில் வீட்டுச் சமையலால் தீப்பிடிப்பது மிக அதிகமாக நடப்பதும் அதே நாளில்தான். உறைந்த வான்கோழியை ஐஸ் போகாமலே கொதிக்கும் எண்ணெயில் இறக்குவது அங்கே பேர்போன விபத்து. ஐஸ் நீராகி, நீர் ஆவியாகி, எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். நம் வடை செய்கிற அதே வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில்! அமெரிக்கர்களுக்கும் கைப்பக்குவம் போதாது என்று யாராவது சொல்வார்களா?

இங்கேதான் விஷயம் சிரிப்பைத் தாண்டிப் போகிறது. வடை கெட்டால் வடையோடு போச்சு. ஆனால் அதே அவசரம் ஆளையும் பதம் பார்க்கும். பருப்பு வேகும்போது நுரைத்துக்கொண்டு மேலே வரும், குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் ஆவி போகிற துளையை அந்த நுரை அடைத்துக்கொள்ளும். ஆவி அடங்கும் முன் மூடியைத் திறக்க முயல்வது அதைவிட ஆபத்து. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ கூரை வரை எழும். அடுப்பை அணைத்து, ஒரு மூடியால் வாணலியை மூடிவிட்டு விலகி நிற்க வேண்டும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும். சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவக் கூடாது. பெரிய காயம் என்றால் 108.

இருபது நிமிஷம் என்பதைக் கவனிக்க வேண்டும். தீபாவளி காலையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்க, இலை போட ஆட்கள் காத்திருக்க, ஒரு அம்மா இருபது நிமிஷம் குழாயடியில் நிற்பாரா? நிற்க மாட்டார். முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த வடையைத் தட்டுவார். கொப்புளம் கார்த்திகை வரைக்கும் இருக்கும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்தால், பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் அதற்குச் செலவிட்டார்கள். அதிலும் நூறு ஆண்களில் சுமார் 26 பேர்தான் அந்த வேலையில் கையே வைத்தார்கள். இது வருஷம் முழுக்க எடுத்த சராசரி. வீடு நிறைய ஆள் இருக்கிற பண்டிகை நாளில் அந்த 299 எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"அம்மாவுக்கு அடுத்தவங்க சமைச்சா பிடிக்காது, கிச்சன்ல யாரையும் விட மாட்டாங்க" என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். ஓரளவு உண்மையும்கூட. பாத்திரத்தை எங்கேயாவது வைத்துவிட்டு, பாதியில் போனை எடுத்துக்கொண்டு போகிற உதவியாளரை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் உளுந்தைக் கழுவி ஊற வைத்து அரைத்துக் கொடுக்க ஒருவர், வெங்காயம் உரிக்க ஒருவர், கறி வாங்கிக் கழுவ ஒருவர், பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஒருவர், பாத்திரம் தேய்க்க ஒருவர் என்று முந்தின நாளே பேசிக்கொண்டால் எந்த அம்மாவும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவருக்கு வேறு வேலையே கொடுக்கக் கூடாது. சோப்பு எங்கே என்பதைச் சோப்புப் போடுகிறவரே தேடிக்கொள்ளலாம்!

இதோடு, பதார்த்தத்தின் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்ளலாம். ஏழு வகை செய்து நான்கு கெட்டுப்போவதைவிட, நான்கு வகை செய்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நல்ல தீபாவளி. அந்த 'எல்லாரும்' என்ற கணக்கில் சமைத்தவரும் உண்டு. நிறைய வீடுகளில் அவர் சாப்பிடும்போது வடை ஆறிப்போயிருக்கும், கறிக்குழம்பில் எலும்புதான் மிச்சம் இருக்கும்.

உடைந்த அதிரசமும் ருசியாகத்தான் இருக்கும். வெடித்த வடையைச் சாம்பாரில் ஊற வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பண்டங்களைச் சரிபண்ண ஆயிரம் வழி உண்டு. அடுத்த தீபாவளிக்கு அடுப்பங்கரையில் 'டப்' என்று சத்தம் கேட்டால், கூடத்தில் இருப்பவர்கள் சிரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கலாம்: "கையில பட்டுச்சாம்மா?" பட்டிருந்தால் அம்மாவைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு, கரண்டியை வாங்கிக்கொள்ளலாம்.