நுரையீரலை எண்ணுமுன் ஆளை எண்ணு

கல்நாரால் இந்தியாவில் செத்தவன் எவன், ஆளைக் காட்டு என்கிறார்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முதலாளிகள். ராட்டர்டாம் உடன்படிக்கைக் கூட்டங்களில் வெள்ளைக் கல்நாரை ஆபத்துப் பட்டியலில் சேர்க்கவிடாமல் தடுத்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆளைக் காட்டச் சொல்கிறவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: ஆளோட பேரை எங்கய்யா எழுதி வச்சிருக்கே?

விஞ்ஞானம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. செத்தவரின் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி, பிளீச்சிங் திரவத்தில் கரைத்து, கரையாமல் நிற்பதை வடிகட்டி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து இழை இழையாக எண்ணுகிறார்கள். 1997இல் ஹெல்சிங்கியில் கூடிய நிபுணர்கள் அளவும் வகுத்தார்கள். உலர்ந்த நுரையீரல் ஒரு கிராமில் ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளமுள்ள ஆம்பிபோல் இழைகள், அதாவது நீலம், பழுப்பு வகைக் கல்நார் இழைகள், ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்த ஆள் வேலைத்தலத்தில் கல்நாரைச் சுவாசித்தவர் என்று கொள்ளலாம். உடம்பே இரும்புச்சத்தைப் பூசி மூடிவைத்த இழைகள் 1,000ஐத் தாண்டினாலும் அப்படியே.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சூது எங்கே என்றால், இந்தியாவில் கப்பல் கப்பலாக இறக்கி ஷீட்டாக அடித்து விற்பது வெள்ளைக் கல்நார். அது நுரையீரலில் நீலக் கல்நார் மாதிரி தங்காது. சிதைந்து, உடைந்து, வெளியேறிவிடும். செய்யவேண்டிய கேட்டைச் செய்துவிட்டுத்தான் போகும். வெள்ளை, நீலம், பழுப்பு எல்லாமே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் வகையிலேயே வைத்திருக்கிறது. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம் ஆகும். அப்போது எண்ணினால் இழை குறைவாக இருக்கும். குறைவாக இருக்கிறதே, எங்கள் குற்றமில்லை என்று முதலாளி கைகழுவுவான். இதனால்தான் அதே நிபுணர்கள், வெள்ளைக் கல்நார் விஷயத்தில் இழை எண்ணிக்கையை விட ஒருவர் எங்கே, எத்தனை வருஷம், என்ன வேலை செய்தார் என்ற வரலாறே நம்பகமானது என்றார்கள்.

ஆக மைக்ராஸ்கோப்பில் தொடங்கிய கணக்கு கடைசியில் மஸ்டர் ரோலில் வந்து நிற்கிறது. மஸ்டர் ரோல் என்றதும் சாதி வந்து நிற்கிறது.

நெய்வேலியைப் பாருங்கள். கிணற்று நீரில் கரி கண்ட கதையில் ஜம்புலிங்க முதலியார் பெயர் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் எந்தக் கதையில் இருக்கிறது? பட்டா வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு, வேலை என்று பேரம் பேச ஒரு காகிதம் இருந்தது. அதே நிலத்தில் கூலிக்கு உழைத்த சேரி எந்தக் காகிதத்தை நீட்டும்?

சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அது எழுந்த காலத்தில் உலகமெங்கும் அனல்மின் நிலையங்களில் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் சூடு தாங்கச் சுற்றியது பெரும்பாலும் கல்நார். ஓவராலிங் வரும்போது பழைய சுற்றைப் பிய்த்துப் போடுகிறவன்தான் அந்தத் தூசியை அதிகம் தின்கிறவன். பிய்ப்பதும், கூட்டுவதும், அள்ளிக்கொட்டுவதும் என்றைக்குமே கடைசிப் படியில் நிற்கிறவர்களின் வேலை. இன்றைக்கு ஒரு கான்ட்ராக்டர், நாளைக்கு இன்னொருவர். கேட் பாஸ் முடிந்தால் ஆளும் முடிந்தான். 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது, அன்றைக்கே செத்த ஆறு பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நெருப்பில் செத்ததால் பேப்பரில் பேராவது வந்தது. முப்பது வருஷம் கழித்து மூச்சு முட்டிச் சாகிறவனுக்கு 'டிபி', 'இளைப்பு' என்று ஒரு சீட்டு. அத்தோடு சரி.

1924இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற ஆலைத் தொழிலாளி 33 வயதில் செத்தார். கம்பெனி காசு கொடுக்க மறுத்தது. ஆனாலும் டாக்டர் குக் அவர் நுரையீரலைப் பார்த்து எழுதினார். அது மருத்துவ வரலாறானது. இங்கே? பிணவறையில் உடம்பை அறுத்துக் கொடுக்கிற கையும் பெரும்பாலும் நம்ம சனத்தின் கைதான். டாக்டர் எட்ட நின்று எழுதுவார். தூசி தின்றவனும் நாம், அறுக்கிறவனும் நாம். எழுதுகிற கை மட்டும் நம்முடையது இல்லை.

சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், கல்நார்த் தொழிலில் உள்ள ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம் அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. பேரே இல்லாதவனுக்கு எந்தப் பதிவை நாற்பது வருஷம் வைப்பார்கள்?

நாம் கேட்பது பிச்சை இல்லை. முதல் நிலையத்தில் எங்கெங்கே என்ன சுற்றியிருந்தது என்ற பட்டியலை வெளியிடு. அதைப் பிரிக்கிற கடைசிக் கூலி வரை பேர் எழுதி, முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் கொடு. பழைய ஒப்பந்தத் தொழிலாளர்களைத் தேடிப்பிடித்து எக்ஸ்ரே எடு. ஒப்பந்தத் தொழிலாளர் கணக்கைச் சாதிவாரியாக வெளியே வை. கல்நார் இறக்குமதியை நிறுத்து.

அவர்கள் எழுதும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. மாணவத் தோழர்களே, எழுத்தாளர்களே, மந்தாரக்குப்பத்துக்கும் வடக்குத்துக்கும் ஊமங்கலத்துக்கும் ஒரு நோட்டோடு போங்கள். எந்த வருஷம், எந்த கான்ட்ராக்டர், என்ன வேலை, எப்போது இருமல் ஆரம்பித்தது என்று கேட்டு எழுதுங்கள். கூட வேலை செய்த இரண்டு பேரின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். இதெல்லாம் இலக்கியமா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நாளைக்குக் கோர்ட்டில் நிற்கப்போவது அந்த நோட்டுதான்.