சுக்கானைப் பிள்ளைகளே பூட்டட்டும்



பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகள் சிலர் பாய்மரப் படகு ஓட்டக் கற்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் கரையில் நடப்பதைக் கண்டால் வருத்தமே மிஞ்சுகிறது. பயிற்றுநர் படகைப் பூட்டிக் கொடுக்கிறார். தந்தை கயிற்றைக் கட்டிக் கொடுக்கிறார். பிள்ளை ஏறி அமர்ந்து கொள்கிறது. இது சரியன்று என்பது என் கருத்து. மற்றவை போகட்டும், சுக்கானையாவது அதை நம்பிக் கடலில் இறங்கும் பிள்ளையே பூட்ட வேண்டும். (சுக்கான் என்பதே அரபு மொழியிலிருந்து கடல்வழி வந்த சொல். இன்று நம் வகுப்பறைகளில் அதற்குப் பொருள் தெரிந்த மாணவர் எத்தனை பேர்?)

சிறுவர்கள் முதலில் ஏறும் ஆப்டிமிஸ்ட் படகு 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் வடிவமைத்தது. ஏறக்குறைய 2.3 மீட்டர் நீளம். அதன் சுக்கான் மடங்காது. சற்று வளர்ந்தபின் ஓட்டும் லேசர் படகிலோ (2019 முதல் இதற்கு ஐ.எல்.சி.ஏ. என்று பெயர்) சுக்கான் பலகை ஓர் அச்சாணியில் சுழன்று மேலே மடங்கும். ஆழமற்ற கரையிலிருந்து புறப்படும்போது பலகை மணலில் இடிபடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆழம் வந்ததும், சுக்கான் பிடியோடு ஓடும் இறக்குகயிற்றை இழுத்துப் பலகையை முழுமையாகக் கீழே இறக்கி, பல் உள்ள கவ்வியில் கயிற்றை இறுக்க வேண்டும்.

‘முழுமையாக’ என்ற சொல்லில்தான் பாடமே இருக்கிறது. பலகை பாதி எழும்பி நின்றால், நீர் அதைத் தள்ளும் இடம் திருப்பும் அச்சிலிருந்து பின்னோக்கி விலகிவிடும். நெம்புகோலின் கை நீளுகிறது. சுக்கான் பிடி திடீரெனக் கனக்கிறது. பிள்ளையோ காற்று பலமாகிவிட்டது என்று எண்ணி அஞ்சுகிறது. கயிற்றைத் தானே கட்டிய பிள்ளை அஞ்சாது. திரும்பிப் பலகையைப் பார்க்கும், கயிற்றை இழுக்கும். நாம் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கும் நெம்புகோலை அந்தப் பிள்ளை தோளில் உணர்ந்து கற்கிறது.

கயிறு நழுவுவதற்குக் காரணங்கள் எளியவை. நைலான் கயிறு இழுபட்டு நீளும். ஆகவே நீளாத பாலியெஸ்டர் அல்லது டைனீமா கயிறு வேண்டும். கவ்வியின் பற்கள் தேய்ந்திருக்கலாம். அச்சாணியின் மரை தளர்ந்தால் பலகை ஆடும். அளவுக்கு மீறி இறுக்கினாலோ மடங்காது. கயிற்றின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு இல்லையெனில் அது துளை வழியே உருவிக்கொண்டு போய்விடும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, படகின் பின்பலகையில் உள்ள சிறு தடுப்புத் தகடு. படகு கவிழ்ந்து தலைகீழானால் சுக்கான் தன் ஊசிகளிலிருந்து கழன்று விழாமல் காப்பது அதுவே. விரல் நீளம்கூட இல்லாத உலோகத் துண்டு. அது வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் படகைத் திருப்பும் சாதனமே கடலோடு போய்விடும். சுக்கானை மாட்டியபின் மேல்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்கு ஐந்து விநாடி போதும். இந்த ஐந்து விநாடியைப் பிறர் செய்திருப்பார் என்று விட்டுவிடும் பழக்கத்தைத்தான் நாம் அன்பு என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

கரை திரும்பியதும் உப்புநீர் போக நல்ல தண்ணீரில் அச்சாணியையும் கவ்வியையும் கழுவ வேண்டும். நம் நாட்டு வெயிலில் பலகையைச் சாய்த்துப் போட்டால் கோணிவிடும். நிழலில் தட்டையாக வைக்க வேண்டும். ஓரத்தில் கீறல் விழுந்திருந்தால் நீர் உட்புகுமுன் அடைக்க வேண்டும். இவற்றில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் இயலாதது எது?

“நேரம் இல்லையே, ஐயா” என்பார்கள் பெற்றோர். அரை மணி நேரம் முன்னதாக அழைத்து வாருங்கள். ஒன்று மட்டும் கூற வேண்டும்: பிள்ளை பூட்டுவதால் பெரியவர் கண்காணிப்புத் தேவையில்லை என்று பொருளன்று. பயிற்றுநர் இறுதியில் சரிபார்க்கத்தான் வேண்டும். தவறு கண்டால் அவரே திருத்திவிடாமல், “மறுபடி பார்” என்று சொல்லி ஒதுங்கி நிற்கட்டும். தாமதமாகும். மற்றப் படகுகள் புறப்பட்டும் போகும். போகட்டுமே.