கார் கழுவும் இயந்திரம் நின்றுபோனால் உரிமையாளருக்கு யார் பொறுப்பு?

கார் கழுவும் நிலையங்களில் ஆட்கள் குறைந்து இயந்திரங்கள் கூடி வருவதற்குக் காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளியாக நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம், 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 வெள்ளியானது. ஐந்துக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருப்போருக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது கட்டாயமானது. இதற்கிடையே 2023 மார்ச் மாதத்தில் அந்நியத் தொழிலாளர்களுக்கான புதிய விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. முடிதிருத்தும் நிலையங்களுக்கும் ஜவுளி, நகைக் கடைகளுக்கும் ஆள் கேட்டு இந்திய வணிகச் சங்கங்கள் புத்ராஜெயாவின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில், வாளியும் துணியுமாக நடந்து வந்த கார் கழுவும் தொழிலிலும் இயந்திரம் வாங்கும் பேச்சு சூடு பிடித்தது.

விற்பனையாளர் போட்டுக் காட்டும் கணக்கு கேட்க நன்றாகவே இருக்கும். ஒரு காருக்கு இத்தனை நிமிடம், ஒரு நாளைக்கு இத்தனை கார், நான்கு பேர் சம்பளம் மிச்சம், இத்தனை மாதத்தில் முதல் கைக்கு வந்துவிடும். இயந்திரம் எல்லா நாளும் ஓடும் என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு அது. நோன்புப் பெருநாளுக்கு ஊர் திரும்பும் வாரத்திலோ தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமையிலோ இயந்திரம் நின்றால் என்ன ஆகும் என்பது அந்தத் தாளில் இருக்காது. நின்ற இயந்திரத்தைச் சரிசெய்ய எத்தனை மணி நேரத்தில், யார், எந்த உதிரிப்பாகத்தோடு வருவார் என்ற கேள்வியைக் கையெழுத்துப் போடும் முன் கேட்பவர்கள் குறைவு.

இந்த இயந்திரங்கள் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து காரைக் கழுவும் வகை, 1960களிலேயே ஜெர்மனியில் உருவானது. அந்நாட்டின் வாஷ்டெக், கிறிஸ்ட், ஸ்பெயினின் இஸ்டோபல் போன்ற பெயர்கள் இத்துறையில் பழையவை. அண்மை ஆண்டுகளில் விலை குறைந்த சீனத் தயாரிப்புகளும், தூரிகையே படாமல் நீரழுத்தத்தால் மட்டும் கழுவும் வகைகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: உயர் அழுத்தப் பம்பு, சவர்க்கார நீரை அளந்து கலக்கும் சிறு பம்பு, மின் மோட்டார்கள், காற்றூதிகள், காரின் நீளத்தையும் உயரத்தையும் அறியும் சென்சார்கள், இவை அனைத்துக்கும் உத்தரவிடும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவி.

நாள் முழுவதும் தண்ணீரும் சவர்க்காரமும் மணலும் படும் இடத்தில் நுண்ணிய மின்கருவிகள் வேலை செய்கின்றன. போதாக்குறைக்கு நம் நாட்டு இடி மின்னல் வேறு. மின்னலாலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வாலும் ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பது வழக்கமான ஒன்று. பேரிங்கோ சீலோ சாதாரண மோட்டாரோ கெட்டால் உள்ளூர்த் தொழில்துறைக் கடைகளில் தேடிப் பிடித்துவிடலாம். அந்த ஓர் இயந்திரத்துக்காகவே செய்யப்பட்ட மின்பலகை பழுதானாலோ, பி.எல்.சி.யில் எழுதப்பட்ட நிரல் அழிந்தாலோ கதை வேறு. அது தயாரிப்பாளரிடமிருந்துதான் வர வேண்டும். நிரலுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால், திறமையான உள்ளூர் தொழில்நுட்பர்கூடக் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

தயாரிப்பாளர் எங்கோ இருக்கிறார். இங்கே இருப்பவர் முகவர். விற்பனை ஒப்பந்தம் முகவரோடுதான்; உத்தரவாதம் தந்தவரும் பெரும்பாலும் அவரே. முகவர் கடையை மூடிவிட்டாலோ வேறு தயாரிப்புக்கு மாறிவிட்டாலோ, தயாரிப்பாளர் மீது ஒப்பந்தத்தின்படி உரிமை கோர வழியில்லை, ஏனெனில் அவர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல.

வீட்டுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவரின் நிலை இதைவிட எவ்வளவோ மேல். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்து, அவருக்கு மலேசியாவில் வணிக இடம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரையோ விநியோகித்தவரையோ தயாரிப்பாளராகவே அச்சட்டம் கருதுகிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம்.

கார் கழுவும் நிலைய உரிமையாளருக்கு இந்தக் கதவு திறக்காது. தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்குச் சாதாரணமாக வாங்கப்படும் பொருளை வாங்குபவர்தான் அச்சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர். தண்டவாளத்தில் ஓடும் கழுவும் இயந்திரத்தை யாரும் வீட்டுக்கு வாங்குவதில்லை. ஆக, ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி கொடுத்துத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியவருக்கு உள்ள பாதுகாப்பு, கடன் வாங்கி அதைப்போல் பல மடங்கு முதல் போட்டவருக்கு இல்லை. தீபகற்ப மலேசியாவில் அவருக்கு மிஞ்சுவது 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். வாங்குபவர் சொன்ன நோக்கத்துக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சில நிபந்தனைகளோடு சொல்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் இத்தகைய மறைமுக நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே நீக்கிவிடலாம் என்று 62ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முகவர் நீட்டும் அச்சிட்ட ஒப்பந்தத்தில் அந்த நீக்கம் இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டால், நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் எதுவும் இருக்காது. உதிரிப்பாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற கடமையோ அந்தச் சட்டத்தில் அறவே கிடையாது.

இதன் மறுபக்கம் இன்னும் கடினமானது. காரைக் கொண்டு வருபவர் பயனீட்டாளர். அவரிடம் உரிமையாளர் முழுப் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்; சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அதே 1999 சட்டம் விதிக்கும் கடமை. கண்ணாடி உடைந்தால், ஆண்டெனா முறிந்தால், சாயத்தில் கீறல் விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பலகை மாட்டி வைப்பது நம் ஊரில் சகஜம். அந்தப் பலகையை நம்பித் தூங்க முடியாது. எந்த உடன்பாடு எதிராக இருந்தாலும் தன் விதிகளே செல்லும் என்று அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தூரிகை தவறாக இறங்கியதற்கு வெளிநாட்டிலிருந்து வராத ஒரு சென்சார் காரணமாக இருக்கலாம். நடுவர் மன்றத்தில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நிலையத்தின் உரிமையாளரே.

உதிரிப்பாகம் தாமதமாகும்போது பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "சென்சாரை பைபாஸ் பண்ணிவிடலாம், வந்ததும் மாட்டிக்கலாம்." வார இறுதி வருமானத்தை நினைத்து உரிமையாளரும் தலையாட்டிவிடுவார். பொருளோடு போகும் வரை நல்லது. ஆளுக்கு அடிபட்டால் அது வேறு வழக்கு. இந்த இடத்தில்தான் உரிமையாளர்கள் அதிகம் பேசாத ஒரு சட்டம் அவர்களுக்கு உதவக்கூடும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வேலைக்குப் பயன்படும் இயந்திரத்தை வடிவமைப்பவர், தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், விற்பவர் எல்லோர் மீதும் கடமை சுமத்துகிறது. இயந்திரம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதோடு, அதைப் பாதுகாப்பாக இயக்கத் தேவையான தகவலும் கிடைக்கச் செய்ய வேண்டும். இச்சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, பெரும்பாலும் எல்லா வேலையிடங்களையும் உட்படுத்தியிருக்கிறது. அவசர நிறுத்தப் பொத்தான், பாதுகாப்பு சென்சார், இயக்கக் கையேடு ஆகியவை பற்றிய தகவலை முகவரிடம் கேட்கும்போது, தயவு கேட்பதுபோல் கேட்க வேண்டியதில்லை. எழுத்தில் கேட்கலாம். சீன மொழிக் கையேடு ஒன்றை மட்டும் தந்துவிட்டுப் போனவரிடமும் தாராளமாகக் கேட்கலாம்.

நல்ல ஆதரவு எப்படி இருக்கும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்பது ஒப்பந்தத்தில் எண்ணாகவே இருக்கும். "விரைவில்" என்ற சொல் இருக்காது. வார இறுதியும் பொது விடுமுறையும் அதில் சேர்ந்திருக்கும். எந்தெந்த உதிரிப்பாகம் மலேசியாவிலேயே கையிருப்பில் இருக்கும், எவை வெளிநாட்டிலிருந்து வரும் என்ற பட்டியல் பாக எண்களோடு கிடைக்கும். மின்சுற்று வரைபடமும் நிரலின் பிரதியும் வாங்குபவரிடம் ஒப்படைக்கப்படும். முகவர் தொழிலை விட்டால் உத்தரவாதத்தைத் தயாரிப்பாளர் ஏற்பார் என்று தயாரிப்பாளரின் கடிதம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். இதில் கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பல முகவர்கள் முகம் சுளிப்பார்கள். முகம் சுளிப்பதும் ஒரு தகவல்தான். அந்த முகவரிடம் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் வாங்கியவர்களைத் தேடிப்போய்ப் பேசிப் பார்ப்பது, கண்காட்சியில் பளபளக்கும் புது இயந்திரத்தைப் பார்ப்பதைவிட மேல்.

இன்றைய இயந்திரங்கள் பல இணையத்தோடு இணைக்கப்பட்டவை. எத்தனை கார் கழுவியது, எந்தப் பகுதி தேய்கிறது என்பதைத் தொலைவிலிருந்தே தயாரிப்பாளர் பார்க்க முடியும். அந்தத் தகவல் யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த சண்டை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடப்புக்கு வந்த தரவுச் சட்டம், இணையத்தோடு இணைந்த கருவி உருவாக்கும் தரவைப் பயன்படுத்துநர் பெறலாம், தான் விரும்பும் பழுதுபார்ப்பவருக்குக் கொடுக்கும்படியும் கேட்கலாம் என்கிறது. வீட்டுப் பயனீட்டாளருக்கு மட்டுமன்றி வணிகருக்கும் அந்த உரிமை உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் இயற்றி, டிராக்டர் போன்ற வேளாண் இயந்திரங்களின் உதிரிப்பாகம், மென்பொருள், கையேடு ஆகியவற்றை விவசாயிகளுக்கும் வெளிப் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது. டிராக்டர் வைத்திருக்கும் விவசாயியும் கார் கழுவும் இயந்திரம் வைத்திருப்பவரும் ஒரே இக்கட்டில் இருப்பவர்கள்; தொழிலுக்காக வாங்கியதால் பயனீட்டாளர் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள். மலேசியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. ஜெர்மனியில் ஓடும் இயந்திரத்தின் உரிமையாளருக்குக் கிடைக்கும் தரவு, அதே இயந்திரத்தை கிள்ளானில் ஓட்டுபவருக்கு உரிமையாகக் கிடைக்காது.

பக்கத்தில் சிங்கப்பூரிலும் பழுதான பொருளுக்கான லெமன் சட்டம் பயனீட்டாளருக்கு மட்டும்தான். ஆனால் அங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றங்களில் வணிக நிறுவனமும் வழக்குப் போடலாம். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையில், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரையில். ஒரு மின்பலகைக்காகவோ முடிக்காத பழுதுவேலைக்காகவோ ஏற்படும் தகராறுக்கு அது போதுமான அளவு. மலேசியாவில் அதே தகராறு ஒரு நிறுவனத்துக்கு ஏற்பட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் வழக்கறிஞர் கட்டணமும்தான். சிறு வணிகர்களுக்கும் நடுவர் மன்றத்தைத் திறந்துவிட வேண்டும் என்பது இந்திய வர்த்தகச் சங்கங்கள் உள்நாட்டு வாணிக அமைச்சிடம் வைக்கத் தகுந்த கோரிக்கை. அந்நியத் தொழிலாளர் கோரிக்கைக்குக் கொடுத்த அதே அழுத்தத்தை இதற்கும் கொடுக்கலாம்.

அதற்குக் காலம் பிடிக்கும். உடனே செய்யக்கூடியது கடன் தரும் அமைப்புகளின் கையில் இருக்கிறது. தெக்குனின் ஸ்பூமி கடன் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே உள்ளது. 2024இல் அறிவிக்கப்பட்ட ஸ்பூமி கோஸ் பிக் திட்டத்தின் வழி 1 லட்சம் வெள்ளி வரை கடன் பெற முடிந்தது. இயந்திரம் வாங்கும் கடனுக்கு விலைப்புள்ளியைக் கேட்கும்போதே, பராமரிப்பு ஒப்பந்தத்தையும் உள்ளூர் உதிரிப்பாகப் பட்டியலையும் சேர்த்துக் கேட்கலாம். இயந்திரம் நின்றாலும் தவணை நிற்பதில்லை. நின்ற இயந்திரத்தால் கடனாளி தவறும்போது பணத்தை இழப்பது அதே அமைப்புதான் என்பதால், கேட்கும் உரிமை அதற்கு உண்டு. ஒரு தனி வாங்குபவர் கேட்டால் முகவர் மழுப்பலாம். கடன் தரும் அமைப்பே கேட்டால் தாள் மறுநாளே வந்து சேரும்.