ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘பார்டர்லைன்’ என்று வந்தால் என்ன அர்த்தம்?

“இதயத்துல ஒரு வெள்ளைப் புள்ளி தெரியுது, உங்க டாக்டர்கிட்ட காட்டிக்கங்க.” பல ஸ்கேன் சென்டர்களில் ரிப்போர்ட்டோடு கிடைக்கும் விளக்கம் இவ்வளவுதான். மகப்பேறு மருத்துவரைப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அதற்குள் வீட்டில் ஆளாளுக்கு கூகுளில் தேடி, குழந்தைக்கு இதய நோய் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் புள்ளி இதய நோயே அல்ல. இதயத் தசையில் சுண்ணாம்புச் சத்து படிந்த ஒரு சின்ன இடம், அவ்வளவுதான். நலமாகப் பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 3 முதல் 5 பேருக்கு இது தென்படும். ஆசியர்களில் இன்னும் சற்று அதிகம்.

18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படும் ‘அனாமலி ஸ்கேன்’ தெளிவான குறைபாடுகளைத் தேடுவதற்கானது. ஆனால், குறைபாடும் இல்லாமல், முழுக்க நார்மல் என்றும் சொல்ல முடியாமல் சில அடையாளங்கள் கிடைக்கும். இவற்றை ‘சாஃப்ட் மார்க்கர்’ என்கிறார்கள். குரோமோசோம் கோளாறு உள்ள குழந்தைகளில் இவை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், நல்ல குழந்தைகளிலும் தெரியும். மூளையில் ‘கோராய்டு பிளக்சஸ் சிஸ்ட்’ என்று எழுதியிருந்தால் பயமாகத்தான் இருக்கும். வேறு எதுவும் இல்லாமல் அது மட்டும் இருந்தால், பெரும்பாலும் 28 வாரத்துக்குள் தானாகவே மறைந்துவிடும்.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது, மூளையின் நீர் அறைகள் விரிந்திருப்பது. “மூளையில தண்ணி” என்று வீட்டில் சொல்வது இதைத்தான். இதற்கு எல்லைக்கோடு 10 மி.மீ. ஒருவர் 9.8 என்று அளந்ததை இன்னொருவர் 10.2 என்று அளக்கலாம். கருவியில் கோடு வைக்கும் இடம் சற்று மாறினாலே போதும். 10 முதல் 12 மி.மீ. வரை இருந்து, வேறு கோளாறு எதுவும் இல்லையென்றால் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் வளர்ச்சி இயல்பாகவே இருக்கிறது. ஆனாலும் கருவில் நிபுணத்துவம் பெற்ற மருத்துவரிடம் மறு ஸ்கேன், தாய்க்குத் தொற்றுப் பரிசோதனை, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. என்று போக வேண்டும். 15 மி.மீ.-ஐத் தாண்டினால் கதையே வேறு.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இது ஒண்ணு மட்டும்தானா, வேற ஏதாவது இருக்கா?” அடுத்தது, மூன்றாம் மாத ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் என்ன சொல்லின என்பது. அந்த பழைய ஃபைலை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் பலர் செய்கிற காரியம். தாயின் ரத்தத்தில் செய்யும் என்.ஐ.பி.டி. பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும்; அதுவும் வாய்ப்பைத்தான் சொல்லும், உறுதி செய்யாது. உறுதியாகத் தெரிய பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும். இதில் கருச்சிதைவு அபாயம் ஆயிரத்தில் 1 முதல் 3 வரை. முழு முடிவு வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம்.

இங்கேதான் காலண்டர் பயமுறுத்துகிறது. முன்பு கருக்கலைப்புக்கு 20 வாரமே வரம்பு. 2008-ல், கருவின் இதயக் கோளாறு தாமதமாகத் தெரியவந்த ஒரு தம்பதிக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது நாடெங்கும் பேசப்பட்டது. 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, கருவில் கடும் குறைபாடு உள்ளிட்ட சில காரணங்களுக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு. அதற்கும் மேல் என்றால், பெரிய குறைபாடு உண்டா என்று மாநில மருத்துவ வாரியம் பார்த்து, 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். ஒரு சாஃப்ட் மார்க்கர் மட்டும் அந்தக் கணக்கில் வராது. ஆக, மறு ஸ்கேனுக்கும் பரிசோதனைக்கும் நேரம் இருக்கிறது. 23-வது வாரத்தில் முதன்முதலாக ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்குத்தான் இல்லை.

இன்னொன்று. “கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா? உங்க பக்கம் யாருக்காவது இப்படி இருக்கா?” என்று கர்ப்பிணியைக் குடைவது இன்னும் நிற்கவில்லை. இந்த மார்க்கர்கள் எதற்கும் அவர் செய்த எதுவும் காரணமில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும்போது கணவரும் கூடப் போய்க் காதால் கேட்பது நல்லது.

சிறுநீரகத்தில் லேசான வீக்கம் என்று வந்திருந்தால், 32 வாரத்தையொட்டி மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இருந்தால் குழந்தை பிறந்த பிறகு ஒரு ஸ்கேன் தேவை. லேசான வீக்கம் பிறந்த முதல் இரண்டு நாளில் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், அதற்குப் பிறகே எடுப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.